ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இவ்வாண்டின் முக்கிய வேலை, பில் ட்ரெயிலர் என்ற அமெரிக்க ஓவியர் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டதும் அதையொட்டித் தொடங்கிய பேணல் பணியுமே.

அலபாமாவில் 1853 அளவில் அடிமையாகப் பிறந்த ட்ரெயிலர், எண்பத்தைந்து வயதளவில், 1939இல், மொன்ட்கொமரி நகரத் தெருவோரத்தில் இருந்துகொண்டு கழிவு மட்டைகளில் படம் கீறினார். ஆயிரத்துக்கு மேல் எஞ்சியுள்ளன. 1949இல் இறந்தார். 1982இல் வாஷிங்டனில் நடந்த கண்காட்சிக்குப் பிறகே பெயர் பரவியது. 2018இல் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் பெருங்கண்காட்சி வைத்தது. இடையில் படங்களைக் காத்து வைத்தவர் சார்ள்ஸ் ஷனன் என்ற ஓவியர். அவர் வைத்திராவிட்டால் பாராட்ட ஒன்றும் மிஞ்சியிராது. எங்கள் ஊரில் நாடகச் சீன், கோயில் சீலை, கடைப்பலகை கீறியவர்களின் வேலையையும் யாராவது வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பைச் சங்கம் ஏற்கிறது.

திரையிடலுக்குத் தமிழ் உபதலைப்பு செய்தோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்; யூனிகோடுக்கு மாற்றி, யூரிஎவ்-8 (UTF-8) என்ற குறிமுறையில் சேமிக்க வேண்டும். வினாடிக்கு 25 பிரேமுக்குக் கணித்த கோப்பை 23.976 பிரேம் படத்தோடு ஓட்டினால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் விலகும். தொடக்கம் சரியாக இருப்பதால் இது முதலில் தெரியாது. ஆகவே கடைசிக் காட்சியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் பார்க்க வாங்கிய படத்தைப் பொதுவில் காட்ட உரிமையில்லை. எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே பெறவேண்டும்.

பேணலில் அதிகம் கெடுவது நல்லெண்ணத்தால்தான். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டினால் பசை மஞ்சளாகி மட்டைக்குள் ஊறிவிடும். லமினேற் செய்தால் திரும்ப எடுக்க முடியாது. ஓரங்களை வெட்டிச் சதுரமாக்கவே கூடாது. ட்ரெயிலர் மட்டையின் கோணல், கறை இவற்றுக்கு ஏற்றபடியே உருவங்களை அமைத்தார். தொங்கவிட்ட நூல் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மலிவு மட்டை தானாகவே அமிலமாகிப் பழுப்பேறி நொறுங்கும். இடையில் பத்திரிகைத் தாள் வைத்தால் இன்னும் விரைவாகும். அமிலமற்ற கடதாசி வையுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். மாரிக் குளிரில் ஈரம் பிடித்தால் போஸ்டர் வர்ணம் கண்ணாடியில் ஒட்டி உரிந்துவிடும். சீனை மடித்தால் மடிப்பில் வர்ணம் உதிரும். வர்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி பருத்த குழாயில் சுற்றவேண்டும். இறாக்கையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கறையான் ஏறும்.

பதிவுக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும், அருகே அடிமட்டம் வைத்து, பிளாஷ் இல்லாமல் நிழல் வெளிச்சத்தில் படமெடுக்கிறோம். கீறியவரின் பெயர், ஊர், தந்தவர் சொன்ன விபரம் ஆகியவை தனித்தாளில். பின்பக்கத்தில் இலக்கம் மட்டும், அதுவும் பென்சிலால்.

வரும் ஆண்டுக்கு அமிலமற்ற கடதாசிக்கும் பெட்டிகளுக்கும் நிதி ஒதுக்கும் தீர்மானத்தை நிர்வாக சபை முன்வைக்கிறது. வீட்டில் பழைய சீன், பலகை இருப்போர் மாரி தொடங்கமுன் அறிவிக்கவும். எடுத்துத் தர வேண்டியதில்லை, வந்து படமெடுப்போம்.

செயலாளர்