சுவான்சோவில் எங்களைக் குடிவைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் எங்கள் மூவருடைய சீன வசிப்பு அனுமதியையும் புதுப்பிக்கப் போயிருந்தோம். துணைக்கு யாரும் வரவில்லை. தாள்களை நீட்டினோம், புகைப்படம் எடுத்தார்கள், ரசீதை வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம். சாப்பிடும்போது என் கணவர்தான் சொன்னார்: "முதல் தடவை இதே வேலைக்கு நமக்காக எத்தனை பேர் அலைந்தார்கள்!" அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நேரில் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் என் சீனத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் மனதில் இருப்பது வராது. அதனால் தமிழில் எழுதி, பிறகு சீனத்தில் மாற்றி உங்களுக்கு அனுப்புகிறேன். நம் தமிழ் ஆட்களும் படிக்கட்டும்.

ஷாங்காயிலோ குவாங்சோவிலோ போய் இறங்குகிற இந்தியருக்கு முன்னால் வந்தவர்கள் வழி போட்டு வைத்திருக்கிறார்கள். இந்திய மளிகைக்கடை, ஆங்கிலம் பேசும் வீட்டுத் தரகர், பன்னாட்டுப் பள்ளி எல்லாம் உண்டு. ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சோ அப்படியில்லை. பக்கத்து ஜின்ஜியாங்கில் காலணித் தொழில் கொடிகட்டிப் பறக்கிறது. ஆம்பூர்க்காரியான நான் அதற்காகத்தான் வந்தேன். ஆனால் குடும்பத்தோடு வந்து தங்குகிற வெளிநாட்டினர் குறைவு. எனக்கு இங்குள்ள அலுவலகக் கவுன்டர் புதிது, கவுன்டரில் இருப்பவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு புதிது. "எங்களுக்குத் தெரியாது" என்று ஒரு வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை.

வீட்டுக்காரர் ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. 2023 மார்ச்சில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. கோலாலம்பூர் சுற்றி சியாமென் வந்து, ரயில் பிடித்து, இரவில் உங்கள் வீட்டுப் படியேறினேன். ஹோட்டலில் தங்காத வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். மறுநாள் காலை வீட்டுப் பத்திரத்தின் நகலையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களே வாசலில் வந்து நின்றீர்கள். பதிவு முடிந்ததும் உங்கள் தேநீர் மேசையில் உட்காரவைத்து, சின்னஞ்சிறு கிண்ணத்தில் அன்சி மலைத் தியெகுவான்யின் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். இந்த ஊரில் தேநீர் இல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்காது என்பதை அன்றே தெரிந்துகொண்டேன்.

அடுத்தது வங்கிக் கவுன்டரில் இருந்த தம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து வருகிற பலருக்கும் இதே சிக்கல்தான். நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. என் கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இன்னொரு கட்டத்தில் இருக்கின்றன. இங்கே எந்தப் படிவத்திலும் முதலில் கேட்பதே குடும்பப் பெயர். சிம் கார்டு கடையில் என் பெயரை ஒருவிதமாக ஏற்றியிருந்தார்கள், வேலை அனுமதியில் வேறுவிதமாக இருந்தது. கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, வீசாட் செயலி மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்றால் கணினி ஏற்காது. வீசாட்டிலோ அலிபேயிலோ பணம் கட்ட முடியாவிட்டால் கீரைக்கட்டு வாங்குவதிலிருந்து டாக்சி வரை எல்லாமே இழுபறிதான்.

தம்பி, எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நீங்கள் அவசரப்படவில்லை. கடவுச்சீட்டில் படத்துக்குக் கீழே அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளைக் காட்டி, இதில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் போடலாம் என்று சொன்னீர்கள். தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்டீர்கள். அப்புறம் ஒரு துண்டுத் தாளில் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, இடைவெளி வரவேண்டிய இடத்தில் சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு போட்டு, "சிம் கடையில் இதைக் காட்டி மாற்றச் சொல்லுங்கள்" என்றீர்கள். ரயில் டிக்கெட் கணக்கு, மருத்துவமனைப் பதிவு என்று அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் நீட்டினேன். வேலை அனுமதியிலும் அடுத்த புதுப்பிப்பில் அதே வரிசைக்கு மாற்றிக்கொண்டேன். நீங்கள் உங்கள் வேலையைத்தான் செய்தீர்கள் என்று யாராவது சொல்லலாம். அந்தச் சிவப்புக் கோடு வேலையில் சேராது.

எங்கள் அலுவலக மனிதவளப் பிரிவில் இருக்கும் தங்கச்சி, உன்னைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. மருத்துவப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு என்னைக் கூட்டிப்போய், ரத்தம், எக்ஸ்ரே, இசிஜி என்று அறை அறையாக உடன் வந்தாய். நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கெடுவை என்னைவிட நீதான் மனதில் வைத்திருந்தாய். உன்னிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. முதலில் எல்லா இடத்திலும் நீயே பேசினாய். பிறகு என்னைப் பேசச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றாய். கடைசியில் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு "அக்கா, நீங்களே போய்விட்டு வாருங்கள்" என்றாய். காலம் முழுக்க எனக்காகப் பேசிக்கொண்டே இருந்திருந்தால் நான் இன்றும் உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருப்பேன்.

குடியிருப்பு வாயிற்காவலர் தாத்தாவுக்கு. 2023 ஜூலை 28 காலை தோக்சூரி புயல் ஜின்ஜியாங்கில்தான் கரையைக் கடந்தது. கணவரும் மகளும் அப்போது வந்து சேரவில்லை, நான் தனியாக இருந்தேன். முந்தின நாள் மாலையே நீங்கள் கதவைத் தட்டி, பால்கனியில் இருந்த பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்தீர்கள், வாளிகளில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னீர்கள். புயல் அடித்து ஓய்ந்து, மின்சாரம் போய்க் கிடந்தபோது டார்ச் விளக்கோடு படியேறி வந்து "நலமா" என்று கேட்டுவிட்டுப் போனது நீங்கள்தான்.

மூன்றாம் மாடி அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கணவர் ஊருக்குப் போயிருந்த சமயம், மகளுக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறியது. நான் செய்தி அனுப்பி முடிப்பதற்குள் வெந்நீர் ஃபிளாஸ்கோடு கீழே வந்து நின்றீர்கள். இங்கே மருத்துவமனையில் முதலில் பணம் கட்டிப் பதிவு, பிறகு மருத்துவர், பரிசோதனைக்கு மறுபடி பணம், விரல் நுனியில் ரத்தம், இயந்திரத்தில் முடிவு அச்சாகி வரும் வரை காத்திருப்பு, மீண்டும் மருத்துவர், மீண்டும் பணம், கடைசியாக மருந்துச் சன்னல். நான் ஒவ்வொரு சன்னலாக ஓட, நீங்கள் நாற்காலியில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு, உங்கள் பையிலிருந்து கம்பளிக் காலுறை எடுத்து அவள் பாதங்களுக்கு மாட்டிவிட்டீர்கள். ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி, ஊதி ஊதி வாய்க்குள் விட்டீர்கள். விடிகாலையில் வீடு வந்தபோதும் உங்கள் கை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. அவள் இன்று உங்களைப் பாட்டி என்று கூப்பிடுவது நாங்கள் சொல்லிக்கொடுத்து இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமாவாசை அன்று நான் அசைவம் சாப்பிட மாட்டேன் என்றபோது நீங்கள் காரணமே கேட்கவில்லை. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நீங்களும் சைவம்தான். எங்கள் அமாவாசையும் உங்கள் முதல் நாளும் ஒன்றாகவோ ஒருநாள் முன்னே பின்னேயோ வரும். அந்த நாட்களில் உங்கள் சமையலறையிலிருந்து டோஃபுவும் காளானும் எனக்கும் ஒரு கிண்ணம் வந்துவிடும்.

மாதிரிக் காலணி செய்யும் சாம்பிள் ரூம் மாஸ்டருக்கு: லாஸ்ட் (காலணி அச்சு), அப்பர் (மேற்பகுதி), சோல் (அடிப்பகுதி) எல்லாவற்றுக்கும் சீனப் பெயரைப் படம் வரைந்து என் நோட்டில் எழுதிக் கொடுத்தீர்கள், மிக்க நன்றி. மகளின் வகுப்பாசிரியைக்கு: தினமும் மாலை பாடத்தை உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்பினீர்கள், அவளோடு நானும் அதைக் கேட்டுத்தான் படித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையுவான் என்ற புத்தர் கோயிலுக்கு அழைத்துப்போன அலுவலகத் தோழிக்கு. பிரதான மண்டபத்தின் பின்பக்கம் இருக்கும் கல்தூணில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரை எனக்குக் காட்டுவதற்காகவே வந்தாய். 1281 சித்திரையில் இங்கே சிவன் கோயில் எழுப்பிய செய்தியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இந்த ஊரில்தான் 1956-இல் கிடைத்தது. அதைப் பள்ளியில் படித்திருந்தும் எனக்கு அது வெறும் செய்தியாகத்தான் இருந்தது. நீ அந்தத் தூணைக் காட்டி, "உன் ஊர்க்காரர்கள் முன்பே இங்கே குடியிருந்திருக்கிறார்கள்" என்றாய். வேற்று ஊர் என்ற நினைப்பு என்னை விட்டுப் போனது அன்றைக்குத்தான்.

நம் தமிழ் உறவுகளை மறக்க முடியுமா? ஈவூ நகரத்திலிருந்து உளுந்தும் துவரம் பருப்பும் கூரியரில் அனுப்பிவிட்டு, பணம் வாங்க மறுத்த அக்கா. எந்த நேரம் கேட்டாலும் படிவத்தைப் பார்த்துச் சொன்ன தோங்குவான் நகரத்து அண்ணன். இருவரையும் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. உங்கள் குரல்தான் அந்த முதல் மாதங்களில் எனக்கு வீடு.

வருகிற பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். பொங்கலும் வடையும் நாங்கள் செய்கிறோம், தேநீரை வீட்டுக்காரர் ஐயா பார்த்துக்கொள்வார். அதற்கு முன்பு சுவான்சோவுக்கோ ஜின்ஜியாங்குக்கோ புதிதாக யார் வந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். காவல் நிலையப் பதிவுக்கும் வங்கிக்கும் நான் கூட வருகிறேன்.

மிகுந்த அன்புடன்,
ஆம்பூர்க்காரியும் குடும்பமும்
சுவான்சோ