வண்டல் பார்க்க வானத்தில் போன கதை

கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து

அன்புள்ள ராஜமாணிக்கம்,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. பிசியோதெரபிப் பையனிடம் சண்டை போடாதே, மடக்கச் சொன்னால் மடக்கு. மேட்டூர் அணையில் மதகு வேலை பார்த்த லஸ்கர்களை நீ விரட்டின விரட்டுக்கு இப்போதுதான் பலன் கிடைக்கிறது என்கிறாள் கமலா.

என் பக்கத்துச் செய்தி: விமானத்தில் போய்ப் பனிமலைமேல் இறங்கி வந்திருக்கிறேன். சிரிக்காதே. சென்னை விமானத்திலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஆள்தான் நான். மகள் கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டாள். இங்கிருந்து மவுண்ட் குக் கிராமத்துக்குக் காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். முதல் இரண்டு நாளும் காற்று சரியில்லை என்று ரத்து செய்தார்கள். உள்ளூர எனக்குக் கொண்டாட்டம். மூன்றாம் நாள் காலையில் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது, தப்ப வழியில்லை.

கவுண்டரில் ஒவ்வொருவரையும் எடை மேடையில் ஏற்றினார்கள். கமலா என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

விமானம் ஒற்றை எஞ்சின் பிலாட்டஸ் போர்ட்டர். சக்கரத்தோடு சறுக்குப் பலகையும் உண்டு. தார் ஓடுதளத்தில் சக்கரத்தில் கிளம்பி, மேலே போனதும் பலகையை இறக்கிக்கொள்கிறார்கள். 1955 செப்டம்பரில் ஹாரி விக்லி என்பவர் இப்படி ஏற்றி இறக்கும் பலகையை மாட்டிக்கொண்டு நாங்கள் இறங்கின இதே டாஸ்மன் பனியாற்றில் (மலையில் மெல்ல நகர்கிற ஐஸ் ஆறு) முதலில் இறங்கினாராம். நம் ஒர்க்‌ஷாப் ஆட்கள் பார்த்தால் கைதட்டியிருப்பார்கள்.

பனியாறு வெள்ளையாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? கீழ்ப்பாதி அசல் கல்குவாரி. மலையிலிருந்து விழுந்த கல்லும் ஜல்லியும் பல கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கின்றன, ஐஸ் அதற்கு அடியில். காண்டிராக்டர் பாதியில் விட்டுப்போன பைபாஸ் வேலை மாதிரி இருந்தது. மேலே போகப் போகத்தான் வெள்ளை. வெடிப்புகளுக்குள் நீலம், துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் அப்படியே.

பனிச்சரிவில் ஏற்றத்தைப் பார்த்து இறங்கினோம், கிளம்புவது இறக்கத்தில். பைலட் எஞ்சினை அணைத்தார். அந்த மாதிரி அமைதியை நான் கேட்டதில்லை, ராஜா. கமலா மூச்சுவிடுவது கேட்டது. தூரத்தில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் ஒரு சத்தம். எங்கோ பனி சரிகிறது, நமக்கு ஒன்றுமில்லை என்றார் பைலட். என் கேன்வாஸ் ஷூவுக்குள் பனி புகுந்து காலுறை நனைந்ததெல்லாம் திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது.

எதிரே மவுண்ட் குக். இங்கத்திய பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது அவோராக்கி. பழைய கணக்கில் 3,764 மீட்டர். 1991 டிசம்பரில் ஒரு நள்ளிரவில் உச்சிப் பாறை சரிந்தது, மிஞ்சிய பனித்தொப்பியும் அரித்துக்கொண்டே வந்தது. 2014இல் புதுக் கணக்கு 3,724. நாற்பது மீட்டர் துண்டு விழுந்திருக்கிறது, நம் ஆடிட்காரர்கள் விட்டிருப்பார்களா?

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது வண்டலைப் பற்றி. பனியாறு அடிப்பாறையை அரைத்து மாவாக்கித் தண்ணீரில் கலக்கிறது. பனியாற்றின் காலடியில் உள்ள ஏரி சிமெண்ட் கரைத்த சாம்பல் நிறம். அதே தண்ணீர் கீழே புகாகி ஏரிக்கு வரும்போது கனமானது படிந்துவிடும். மிதக்கிற நுண்தூள் வெயிலில் பால் கலந்த நீலமாகத் தெரிகிறது. முப்பது வருஷம் நீயும் நானும் அணையில் படிகிற வண்டலைத் திட்டினோம். இங்கே அதைப் பார்க்க ஊர் ஊராக பஸ் வருகிறது. புகாகியும் நம் ஆட்கள் வேலைதான்: மின்சாரத்துக்காக 1970களில் மட்டத்தை 37 மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். பழைய ஐந்து பவுண்டு நோட்டில் அச்சிட்டிருந்த தீவையே அப்படி மூழ்கடித்துவிட்டார்கள்!

அந்தச் சாம்பல் ஏரி நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெறும் குட்டைகளாகத்தான் இருந்தது. 2008இல் அளந்தபோது 7 கி.மீ. நீளம், 245 மீட்டர் ஆழம். அவ்வளவும் ஐஸ் இருந்த இடம். அது உருகுவதைப் பார்க்க நாங்கள் எரிபொருள் எரித்துக்கொண்டு போனோம் என்பது இறங்கிய பிறகுதான் உறுத்தியது. போனதற்கு வருத்தப்படவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

மேட்டூர் மட்டம் என்ன? பேப்பர் பார்த்து எழுது. பென்ஷன் அரியர் விஷயம் ஏதாவது நகர்ந்ததா?

திரும்பும் வழியில் அந்தச் சாம்பல் ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். சமையலறை ஜன்னலில் ஒன்பது நாளாக அசையாமல் நிற்கிறது. பேரன் ஸ்கேலை வைத்துத் தினமும் அளக்கிறேன். அடியில் மூன்று மில்லிமீட்டர் படிந்திருக்கிறது, மேலே இன்னும் கலங்கல்தான். கீழே ஊற்றிவிடாதே என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கணேசன்