போனஸும் ராத் கணக்கும்

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் 2026

அன்புள்ள முரளி,

மீனாவுக்குப் பதவி உயர்வு, கூடவே பெரிய போனஸ் என்று நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். அந்தப் போனஸே உன் ராத் ஐ.ஆர்.ஏ.வுக்கு (வரி கட்டிய பணத்தைப் போட்டுவைக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) வினையாகிவிட்டது என்ற அடுத்த பத்தியில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

பயப்படாதே, குற்றம் எதுவும் நீ செய்துவிடவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து வரி தாக்கல் செய்தால், 2025ஆம் ஆண்டுக்கு 2 லட்சத்து 36 ஆயிரம் டாலர் வருமானத்தைத் தாண்டியதும் ராத்தில் போடக்கூடிய தொகை குறையத் தொடங்கும். 2 லட்சத்து 46 ஆயிரத்தில் பூஜ்யமாகிவிடும். நீ சென்ற ஆண்டு ஜனவரியிலேயே 7,000 டாலரை முழுதாகப் போட்டுவிட்டாய். டிசம்பர் போனஸ் ஜனவரியில் யாருக்குத் தெரியும்? சட்டம் எழுதியவர்கள் ஜோசியம் தெரிந்தவர்கள் போலும்.

அப்படியே விட்டால் 6 சதவீத அபராத வரி, உன் விஷயத்தில் 420 டாலர். ஒருமுறை கட்டினால் தீராது. அந்தப் பணம் உள்ளே கிடக்கும்வரை ஆண்டுதோறும் வரும்.

அதற்காக அவசரப்பட்டு 7,000 டாலரைச் சாதாரணமாக எடுத்துவிடாதே. அதிகப்படியாகச் செலுத்தியதைத் திரும்பப் பெறத் தனிப் படிவம் உண்டு, கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் அதைக் கேள். அந்தப் பணம் ஈட்டிய லாபமும் கூடவே வெளியே வரவேண்டும். நீ எந்தப் பங்கை வாங்கினாய் என்று பார்க்கமாட்டார்கள். மொத்தக் கணக்கும் எவ்வளவு வளர்ந்தது என்பதே கணக்கு. உன் பணத்தையும் சேர்த்து அன்று 40,000 இருந்து இப்போது 44,000 ஆகியிருந்தால், 7,700 வெளியே வரும். அந்த 700ஐ 2025ஆம் ஆண்டு வருமானத்தில் காட்டிவிடு. பணம் எடுத்ததைக் காட்டும் 1099-ஆர் படிவம் அடுத்த ஜனவரியில்தான் வரும், அதற்காகக் காத்திருக்காதே. வயதுக்கு முன் எடுத்தால் 10 சதவீதம் போகும் என்ற பயமும் வேண்டாம். 2022 இறுதியில் வந்த சட்டம் இந்த லாபத்துக்கு அதை நீக்கிவிட்டது.

உன் அலுவலக நண்பர் சொன்னதுபோல், எடுக்கும்போது வரி கட்டும் சாதாரண ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்றி, பிறகு ராத்துக்கே கொண்டுவருவதும் பலருக்கு நல்ல வழிதான். நீயோ பழைய வேலையின் 401கே (அலுவலக ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தை முழுதும் சாதாரண ஐ.ஆர்.ஏ.வில் வைத்திருக்கிறாய். ராத்துக்கு மாற்றும்போது அதையும் சேர்த்துக் கூட்டி, விகிதப்படி வரி போடுவார்கள். எடுத்துவிடு என்பதுதான் என் கட்சி.

ஏப்ரல் 15க்குள் வரி தாக்கல் செய்துவிட்டால், இதைச் சரிசெய்ய அக்டோபர் 15 வரை இடமுண்டு. உன் சோம்பலை அறிந்தவன் என்பதால் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு எந்தக் கல்லூரி என்ற பட்டிமன்றம் வீட்டில் தினமும் நடக்கிறது.

ஒன்று கேட்க மறந்தேன்: மீனாவும் தன் பெயரில் ராத் கணக்கில் போட்டதுண்டா? வருமான வரம்பு இருவருக்கும் ஒன்றுதான். விசாரித்து எழுது.

அன்புடன்,
சேகர்