இத்தாலிய மொழி வகுப்புகளில் கடைப்பேச்சுக்கு முதலிடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

பலெர்மோவில் கணவருடன் சேர்வதற்கு முன்னர் எனது மகள் இங்கு ஒரு தனியார் வகுப்பில் இத்தாலிய மொழி கற்றாள். வினைச்சொல் வாய்பாடுகளை மனப்பாடமாக ஒப்புவிக்கும் அளவுக்குப் பயிற்சி தந்தார்களே தவிர, கடையில் விலை கேட்டுக் காசு கொடுக்கும் பேச்சைக் கடைசிப் பாடத்தில் சில வாக்கியங்களோடு முடித்துவிட்டார்கள். அங்கு சென்ற பின், மரக்கறி வாங்குவதற்குக்கூட அவள் கணவரின் ஓய்வு நாளுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. இது மாறவேண்டும்.

'குவான்தோ கோஸ்தா' என்று விலை கேட்க எவரும் எளிதில் பழகிவிடலாம். சிரமமெல்லாம் பதிலில்தான் இருக்கிறது. கடைக்காரர் யூரோ, சதம் என்ற சொற்களை விட்டுவிட்டு 'த்ரே எ நொவான்தா' என்று விரைவாகச் சொன்னால், அது 3 யூரோ 90 சதம் என்பது கேட்டவுடன் விளங்கவேண்டும். அறுபதாகிய 'செஸ்ஸான்தா'வும் எழுபதாகிய 'செத்தான்தா'வும் சந்தை இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். சீஸ் போன்றவற்றின் விலையைப் பல கடைகளில் 'எத்தோ' கணக்கில், அதாவது 100 கிராமுக்குச் சொல்வார்கள். 1 யூரோ 50 சதம் என்பதைக் கிலோ விலையென எண்ணி ஒரு கிலோ கேட்பவர், 15 யூரோ கொடுக்க வேண்டிவரும்போது திகைத்துப் போவார்.

அட்டையால் செலுத்தலாமா என்பதற்கு 'போஸ்ஸோ பகாரே கொன் லா கார்த்தா' என்று கேட்கவேண்டும். அட்டையை ஏற்க மறுக்கும் வணிகருக்கு 30 யூரோவும் கொள்வனவுத் தொகையின் 4 சதவீதமும் அபராதம் விதிக்கும் சட்டம் 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ளதால், புதிதாகச் சென்றவர்களும் தயங்காமல் கேட்கலாம். காசாகக் கொடுப்பது 'இன் கொன்தான்தி', மிச்சக்காசு 'ரெஸ்தோ', பற்றுச்சீட்டு 'ஸ்கொன்த்ரீனோ'. பல கோப்பிக் கடைகளில், குறிப்பாகப் புகையிரத நிலையங்களில், முதலில் காசாளரிடம் பணம் செலுத்தி, அந்தச் சீட்டைக் காட்டினால்தான் கோப்பி தருவார்கள். வதிவிட அனுமதி விண்ணப்பத்துக்குரிய 16 யூரோ முத்திரையான 'மார்கா தா பொல்லோ'வையும் புகையிலைக் கடையில் கேட்டுத்தான் வாங்கவேண்டும். நம்மவர்கள் அங்கு சென்றதும் வாங்கவேண்டிய முதற் பொருட்களில் அதுவும் ஒன்று.

ஆகவே வகுப்பு நடத்துவோர் தொடக்க வாரங்களிலேயே எண்களைக் காதுக்குப் பழக்கவேண்டும். ஆசிரியர் ஒரு விலையை ஒரேயொரு தடவை, கடைக்காரரின் வேகத்தில் சொல்ல, மாணவர் அதற்குரிய தொகையை மாதிரி நாணயங்களால் மேசையில் எண்ணி வைக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்விக்கலாம். எழுதிப் பார்க்கும் பயிற்சி இதற்கு ஒருபோதும் ஈடாகாது. தங்கள் பத்திரிகையும் இத்தாலிய எண்களையும் கடை வாக்கியங்களையும் தமிழ் ஒலிப்புடன் வாரந்தோறும் சிறிது சிறிதாக வெளியிட்டால், வகுப்புக் கட்டணம் செலுத்த இயலாத வீடுகளில் உள்ளவர்களும் பயணத்துக்கு முன்பே பழகிக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
நல்லூர் வாசகி