மாடி ரூமுக்கு என்ன ஓடு, நீயே சொல்லு

கண்ணு,

ஓடு போட்டோ எல்லாம் அனுப்பினேன், பாத்துட்டேன்னு நீல டிக் வந்துடுச்சு, பதில் தான் வரல. வேலை இருக்கும், பரவால்ல. மாப்பிள்ளை நல்லா இருக்காரா? போன தடவை வீடியோல பேசினப்பவும் அவர் இல்ல, டூர்னு சொன்ன. சரி. நேரத்துக்கு சாப்பிடு.

மேஸ்திரி என்ன சொல்றார்னா, சாய்வா கான்கிரீட் போட்டு மேல பளபளன்னு பீங்கான் ஓடு சிமெண்ட்ல ஒட்டிடலாம், பாசி பிடிக்காதுங்கறார், அப்பாவும் அந்த நீல கலர்ல மயங்கிட்டார். எனக்கு மனசு ஒப்பல. ஒட்டின ஓட்டுல விரிசல் விட்டா தண்ணி எந்த வழியா இறங்குதுன்னே கண்டுபிடிக்க முடியாது. மங்களூர் ஓடுன்னா ரீப்பர் மரச்சட்டம் மேல மாட்டி வைக்கறது தானே, ஒண்ணு உடைஞ்சா அத உருவிட்டு வேற ஒண்ணு சொருகிடலாம், அடியில காத்தும் ஓடும், உனக்கு தான் மே மாச வெயில் ஆகவே ஆகாதே.

கொள்ளுத்தாத்தா கட்டின சமையல்கட்டு ஓட்ட இறக்கி வெச்சிருக்கோம். பின்னாடி பாசல் மிஷன் 1865னு அச்சு இருக்கு, அது அந்த வெளிநாட்டு பாதிரிமாருங்க மங்களூர்ல ஓட்டு ஃபாக்டரி ஆரம்பிச்ச வருஷம். தட்டினா இன்னும் கணீர்னு கேக்குது! ஆனா ரூம் முழுக்க போட பத்தாது, புது ஓட்டோட கலந்தா ஒண்ணோட ஒண்ணு கோக்கற காடி சரியா உக்காராது, கம்பெனிக்கு கம்பெனி அச்சு வேற. அதனால பழசு முன்வாசல் சாய்ப்புக்கு, புதுசு ரூமுக்குன்னு பிரிச்சிட்டேன். சாய்வு முப்பது டிகிரிக்கு குறையவே கூடாதுன்னு சொல்லிட்டேன், இல்லன்னா காத்தோட அடிக்கிற மழை ஓட்டுக்கு அடியில ஏறிடும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்ப எதிர் வீட்டு ஓடு எப்படி பறந்துச்சுன்னு நீயும் பாத்தியே, ஓரத்து வரிசையையும் முகட்டு ஓட்டையும் கண்டிப்பா இறுக்கிக் கட்டணும்.

ப்ரமோஷன் வந்தத அத்தை சொல்லி தான் எனக்கு தெரியும். எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா, தெருவுல எல்லாருக்கும் சொன்னேன். ஆனா நீ என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம். வேளைக்கு சாப்பிடறியா? போட்டோல கன்னம் ஒட்டிப் போய் தெரியற.

மாடிக்கு படி வெளியிலேயே வெச்சாச்சு, தனி வாசல், தனி பாத்ரூம், ஓரமா காபி போட ஒரு சின்ன மேடை. வாடகைக்கு விடப் போறீங்களான்னு பக்கத்து வீட்டம்மா கேட்டாங்க. என் பொண்ணுக்குன்னு சொன்னேன், அவங்க ஏதோ கேக்க வந்தாங்க, நான் உள்ள போயிட்டேன். நீ எப்ப வேணா வரலாம் கண்ணு. லீவு கிடைச்சா தான் வரணும்னு இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து தான் வரணும்னும் இல்ல. எத்தனை நாள்னு அப்பாவும் கேக்க மாட்டார், நானும் கேக்க மாட்டேன். ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.

இப்ப நீ சொல்ல வேண்டியது ஒண்ணு தான். உள்ளேருந்து அண்ணாந்து பாத்தா தெரியற சீலிங் ஓடு, பூ போட்டதா, கட்டம் போட்டதா? அத மாட்டின அப்புறம் தான் மேல் ஓடு ஏத்த முடியும், ஐப்பசி மழைக்குள்ள மூடியாகணும், மேஸ்திரி தினமும் கேக்கறார். நீ படுத்து பாக்கப் போற சீலிங், நீ சொல்லாம நான் ஆர்டர் குடுக்க மாட்டேன். டைப் பண்ண முடியலன்னா போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவால்ல, எடுப்பேன்.

அம்மா