எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெடுஞ்சாலை விபத்துச் செய்தி போடும்போதெல்லாம் கடைசியில் "டிரைவரின் தூக்கக் கலக்கமே காரணம் எனத் தெரிகிறது" என்று முடித்துவிடுகிறீர்கள். படிப்பவர்களும் யாரோ பொறுப்பில்லாதவன் கண்ணை மூடிவிட்டான் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். 22 வருஷம் லாரி ஓட்டிய எனக்கு அப்படித் திருப்ப முடியவில்லை.

ஒரு தடவை சேலத்திலிருந்து நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு. வர வேண்டிய இன்னொரு டிரைவர் வரவில்லை, நானும் கிளீனர் பையனும் மட்டும். இரண்டாவது ராத்திரி, ஹைதராபாத் தாண்டி நிர்மல் பக்கம், மணி மூன்றரை இருக்கும். நடு ரோட்டில் ஒரு எருமை நிற்கிறது, கழுத்தில் அறுந்து தொங்கும் கயிறு வரை தெரிகிறது. பிரேக்கில் ஏறி நின்றேன். தூக்கத்திலிருந்து உருண்டு விழுந்த பையன் "ஏனுங்ணா, என்னாச்சுங்?" என்கிறான். ஹெட்லைட் வெளிச்சத்தில் வெறும் ரோடு. எருமையும் இல்லை, கயிறும் இல்லை. ராத்திரியில் வெள்ளைப் புடவைக்காரி கை காட்டினாள் என்று தாபாவில் சொல்வார்களே, அதில் பாதி இந்த ரகம்தான் என்பது என் கணக்கு.

பல வருஷம் கழித்து, சுகருக்குப் பார்க்கும் டாக்டர்தான் இதை விளக்கினார். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே போகுமாம், கண்ணைச் சொக்க வைப்பது அதுதான். டீயில் இருக்கும் காஃபின் அதைக் குறைப்பதில்லை, அது உட்காரும் இடத்தில் துண்டு போட்டு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். டீயின் வேகம் அடங்கியதும் சேர்ந்திருந்தது எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். (ராத்திரியில் வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லி டீ கொடுக்கும் போலீஸ்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் அது கொஞ்ச தூரத்துக்குத்தான் தாங்கும்.) எதிரே வருகிறவன் ஹார்ன் அடித்தால் அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு அடித்துக்கொள்ளும், முழிப்பு வந்த மாதிரி இருக்கும், அப்புறம் பழைய கதை. விடியற்காலை நாலு மணி வாக்கில் உடம்புச் சூடே அன்றைக்கு மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் மூளை சில விநாடி தானாக அணைந்து எரிகிறது, கண் திறந்தேகூட இருக்கலாம். 80 கி.மீ. வேகத்தில் நாலு விநாடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். தூங்கினோம் என்பதே ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.

17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு இருப்பதாக 1997-லேயே ஆஸ்திரேலியாவில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் 30 மி.கி. தாண்டினாலே கேஸ். ஆனால் ஊதச் சொல்லும் மெஷினில் தூக்கம் காட்டாது.

தூக்கம் கெட்டால் பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பரோட்டா உள்ளே போவது ருசிக்காக மட்டும் இல்லை. எனக்கு இப்போது சுகரும் பிரஷரும் இருக்கிறது, என்னோடு ஓட்டியவர்களில் இது இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றுதான் எழுதி வைத்தது. ஓனர்களைக் கேட்டால் டீசல், டோல், வண்டித் தவணை என்பார்கள், அதுவும் பொய்யில்லை. இரண்டாவது டிரைவருக்குச் சம்பளமும் பேட்டாவும் கொடுத்தால் அந்த ட்ரிப்பில் மிஞ்சுவது சொற்பம்.

அதனால் உங்கள் நிருபர்கள் அடுத்த விபத்தில் ஸ்டேஷனில் இன்னும் மூன்று கேள்வி கேட்கட்டும்: டிரைவர் கடைசியாக எப்போது படுத்தார், மாற்று டிரைவர் இருந்தாரா, லோடு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்? பதிலை "தூக்கக் கலக்கம்" என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் லாரி டிரைவர்,
நாமக்கல்.