வாழ்க்கைக் குறிப்பில் அந்த ஆசிரியை எங்கே?

ஆசிரியருக்கு,

பக்தியுள்ள தாயும் ஆசிரியையுமான ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தால், நினைவு ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பு பிறப்பு, திருமணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஓடி முடிந்துவிடுகிறது. "ஜெப வீராங்கனை" என்ற வரி யாருக்கும் பொருந்தும்.

அவருடைய வேதாகமத்தைப் புரட்டுங்கள். ஓரத்தில் பென்சிலால் குறித்த தேதி, அதனருகே ஒரு மாணவரின் முதலெழுத்து, "தேர்வு" என்ற ஒற்றைச் சொல்: அங்கேதான் ஆள் தெரிகிறார். அப்பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம். பசை பழுத்துத் தாளைக் கெடுக்கும். லேமினேஷனைப் பிறகு பிரிக்கவே முடியாது. இடையில் செருகிய செய்தித்தாள் துண்டுகளின் அமிலம் பக்கங்களில் பழுப்பாக இறங்கும், அவற்றைத் தனி உறையில் போடுங்கள்.

தேதிகளில்தான் சறுக்கல் அதிகம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து, அதிலுள்ள ஞானஸ்நான நாளையே பிறந்த நாளாக எழுதிக்கொள்பவர்கள் உண்டு. பணிப் பதிவேட்டோடு ஒப்பிடுவது நல்லது.

வாசிப்புக்கு 400 சொற்கள் தாராளம். நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடம் ஆகும். அதில் ஒரு பத்தியாவது அவர் பாடம் நடத்திய விதத்துக்கு வேண்டும், அதைப் பழைய மாணவரிடம்தான் கேட்கவேண்டும். பிள்ளைகள் வாசித்தால் பாதியில் குரல் அடைத்துக்கொள்ளும். இன்னொரு பிரதியைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்